அரைக்கால் அங்குலம்

"இந்த டயரு தரையில எவ்ளோ அகலத்துக்குப் படும்?"

என் கடைக்கு வந்ததும் வராததுமாக அவர் கேட்ட முதல் கேள்வி இது. எழுபதுகளின் கடைசி. ஆரணியில் நெசவுத் தெரு ஒன்றின் முனையில் நான் சைக்கிள் கடை வைத்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. டயர் என்ன விலை, எத்தனை நாள் உழைக்கும், பழசை எடுத்துக்கொள்வாயா என்ற மூன்றைத் தவிர நாலாவது கேள்வி கேட்ட ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பொறுமையும் கொஞ்சம் கம்மி.

"டயரு எவ்ளோ அகலமோ அவ்ளோதான் படும். வேற எவ்ளோ படும்?"

"அப்படி இல்ல தம்பி. டயரு உருண்டை. உருண்டையா இருக்கறது முழுசா தரையில படாது, நடுவுல கொஞ்சம்தான் படும். அந்தக் கொஞ்சம் எவ்ளோன்னுதான் கேக்கறேன்."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக்கொண்டு டயருக்கு எதிரே குந்தினார். கட்டைவிரலை அதன் மேல் மெதுவாக ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினார். ஒல்லியான உடம்பு, ஐம்பதை ஒட்டிய வயது, சட்டைப் பையில் மூன்று பேனா. பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஊரில் எல்லாரும் நயினார் என்பார்கள். எங்கள் பக்கத்தில் சமணக் குடும்பத்து ஆண்கள் எல்லாருமே நயினார்தான், அதனால் அதைப் பெயர் என்று சொல்ல முடியாது. சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருக்குப் பிடிக்காது.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன்.

"எறும்புக்குத்தான்."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பத்திரம் எழுதுகிற அதே அழகான கையெழுத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கும்பகோணத்துக்கு அப்பால் ஒரு கிராமம் வரைக்கும் சைக்கிளில் போக வேண்டும். நூற்றிருபது மைல். கடைகளில் கிடைப்பது இரண்டு சக்கரம். ஒன்று எல்லாரும் ஓட்டுகிற இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், அதன் டயர் ஒன்றரை அங்குலம். இன்னொன்று இருபத்தாறு அங்குலம், டயர் ஒன்றே காலரைக்கால். இரண்டு டயருக்கும் அகலத்தில் அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வித்தியாசம்.

"நூத்தி இருபது மைலு நீளத்துக்கு அரைக்கால் அங்குலம் அகலம்னா எவ்ளோ எடம் தெரியுமா? பதினஞ்சு சென்ட்டு! ஒரு வூடு கட்டி, பின்னால கிணறு வெட்டி, தோட்டமும் போடலாம். அத்தன எடத்துல இருக்கற எறும்பு பொழைக்குமா சாவுமான்றது இந்த அரைக்கால்லதான் இருக்குது."

சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. நான் திரும்பி டியூபுக்குப் பஞ்சர் பார்க்கப் போனேன். "இரு இரு" என்று எழுந்து வந்தார். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் இரண்டு எறும்புகள் மிதந்துகொண்டிருந்தன. கணக்குப் போட்ட தாளின் ஓரத்தைக் கிழித்து, அதில் அவற்றை ஏற்றி, சுவரோரம் வெயிலில் விட்டார். அவை காலை உதறிக்கொண்டு நடக்கும் வரை பார்த்துவிட்டுத்தான் "இப்போ முக்கு" என்றார்.

அவருடைய குணம் முழுவதும் அந்த முதல் நாளிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. எதையும் ஒரு பக்கம் பார்த்து முடிவு செய்ய மாட்டார். "நாலு எல்லையும் பாக்கணும் தம்பி" என்பது அவருடைய பேச்சு. பத்திரத்தில் வடக்கே யார் நிலம், தெற்கே எந்த வாய்க்கால் என்று எழுதி எழுதி, கத்தரிக்காய் வாங்கினாலும் நாலு எல்லை பார்ப்பார். அவர் எழுதிய பத்திரத்தில் ஒரு வழக்கு வந்ததில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு ஒரு பட்டு வேட்டி கட்டியதில்லை. பூச்சியைக் கொன்று எடுத்த நூல் என்பார், ஆனால் நெய்கிறவர்களிடம் முகம் கோண ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் வீட்டுப் பத்திரங்களும் அவர்தான் எழுதினார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், தண்ணீரும் கிடையாது. மாலை ஐந்தேகால் ஆனால் பேசிக்கொண்டிருக்கிற வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். மறுநாள் காலையில் வந்து மீதிப் பாதியைச் சொல்வார். நமக்குத்தான் முதல் பாதி மறந்திருக்கும்.

டயர் விஷயம் இழுத்துக்கொண்டே போனதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம். பெரிய சக்கரம் வேகமாகப் போகும், பொழுது சாய்வதற்குள் தங்குகிற இடத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிடலாம். ஆனால் டயர் அகலம். சின்னச் சக்கரத்தில் எறும்புகள் தப்பிக்கும், ஆனால் மிதித்து மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும், நயினார் பட்டினி. "நான் சாப்பிடறதா, எறும்பு பொழைக்கறதா, அதுதான் தம்பி கேள்வி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் டயருக்கு எதிரே குந்துவார். பெரிய சக்கரத்தில் மெல்லிய டயர் போட முடியாதா என்று கேட்டார். வேலூரில் விசாரித்தேன். மெட்ராஸுக்கு எழுதிப் போட்டேன். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்று பதில் வர நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் அவர் நிம்மதியாக இருந்ததை நான் கவனித்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்றால், அந்தப் பயணம் எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்தக் கிராமத்தில் இருப்பது அவருடைய ஒரே மகள். கல்யாணம் முடிந்து வேனில் ஏறும்போது "அவ்ளோ தூரமாப்பா?" என்று அழுதிருக்கிறாள். "அடுத்த பொங்கலுக்குள்ள அப்பா உன் வூட்டு வாசல்ல வந்து நிப்பேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். நாலு பொங்கல் போய்விட்டது. மனைவி இரண்டு முறை பஸ்ஸில் போய் வந்துவிட்டார். இவருக்குப் பஸ் ஆகாது. டீசல் வாடை பட்டாலே குமட்டும். ஒரு முறை மடியில் எலுமிச்சம்பழத்தோடு ஏறி, பக்கத்து ஊரான சேத்துப்பட்டு போவதற்குள் மூன்று தரம் வாந்தி எடுத்து, பாதி வழியில் இறங்கி ஆரணிக்கு நடந்தே திரும்பினார். ரயிலின் கரிப்புகை அதைவிட மோசம் என்பார். சைக்கிள் ஒன்றுதான் வழி.

"எல்லாருக்கும் எல்லை எழுதிக் குடுக்கறேன் தம்பி. மாப்பிள்ள வூட்ட நாலு பக்கமும் விசாரிச்சேன். நல்ல குடும்பம், நல்ல பையன். தூரத்த மட்டும் பாக்காம வுட்டுட்டேன்" என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அவர் மனைவிக்கு எரிச்சல் மட்டும்தான். ஒரு நாள் கடைப் பக்கம் வந்தபோது எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "உங்க டயரு முடிவாவறதுக்குள்ள பேரன் பொறந்து, அவனே சைக்கிள் ஓட்டிகினு வந்து உங்களப் பாப்பான்."

சக்கரம் பெரிதாக இருந்தால் குறைவாகச் சுற்றும், அதனால் தரையில் குறைவாகத்தான் படும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது உண்மையானால் பெரிய சக்கரத்துக்கு அகலத்தில் நேர்ந்த பாவம் நீளத்தில் கழிந்துவிடும். நான் இரண்டு சக்கரத்தையும் தண்ணீரில் நனைத்து, கடைக்குள் சிமெண்டுத் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை உருட்டிக் காட்டினேன். இரண்டு ஈரக் கோடும் ஒரே நீளம்.

இரண்டு கோட்டின் முனையையும் குனிந்து பார்த்தார். "அப்போ சக்கரம் பெருசானாலும் சின்னதானாலும் பாவம் ஒரே நீளம்தானா?"

"ஆரணியில இருந்து கும்பகோணம் எவ்ளோ நீளமோ அவ்ளோ."

அன்றைக்கு ஐந்து மணிக்கு முன்பே எழுந்து போய்விட்டார். நான் சொன்னது சரிதான், ஆனால் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம்தான் மாவுக் கூத்து. டயர் அச்சு தரையில் எவ்வளவு அகலம் விழுகிறது என்று கண்ணால் அளந்து பார்த்துவிட்டால் முடிவு எடுத்துவிடுவதாகச் சொன்னார். சரி, தொல்லை விட்டது என்று நானும் சம்மதித்தேன். காலை ஆறரைக்கெல்லாம் வீட்டுக் கோலமாவு டப்பாவோடு வந்தார். கடைக்கு எதிரே தார் ரோட்டில், குறுக்கே பத்தடிக்குப் பச்சரிசி மாவைத் தூவினார். என் வாடகை சைக்கிள் இரண்டை எடுத்து, முதலில் பெரியதை, பிறகு சின்னதை, மாவின் மேல் ஓட்டினார். பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துக் குந்திக்கொண்டு அச்சை அளந்தார். காற்றைக் கல் போல அடித்திருந்ததாலோ, அவருக்கு எடையே இல்லாததாலோ, இரண்டு அச்சுக்கும் வித்தியாசம் ஒரு நூல் கூட இல்லை.

"அரைக்கால் எங்க போச்சு?" என்றார்.

"நீங்க இன்னும் ரெண்டு வேள சேத்து சாப்டா வரும்" என்றேன்.

இப்படி நாங்கள் வழக்காடிக்கொண்டிருக்கும்போது எறும்புகள் வந்துவிட்டன. சாக்கடை ஓரத்துச் சுவரிலிருந்து ஒரு வரிசை, எதிர் வீட்டு வாசற்படியிலிருந்து ஒரு வரிசை. ஆரணி முழுக்கச் சொல்லி அனுப்பிய மாதிரி வந்தன. பச்சரிசி மாவு போட்டால் எறும்பு வரும் என்பது கோலம் போடுகிற எல்லா வீட்டுக்கும் தெரியும். அதற்காகத்தான் அரிசிமாவில் போடுவதே. அவர் வீட்டு வாசலிலும் தினம் நடப்பதுதான். நாலு எல்லையும் பார்க்கிற மனிதர் அதை மட்டும் மறந்துவிட்டார்.

"ஐயையோ!" என்று எழுந்தார். அப்போதுதான் தெருவில் நடமாட்டம் ஆரம்பிக்கிற நேரம். நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்று திட்டிவிட்டு மேலே ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் ஊர் அப்படி இல்லை. நெசவுத் தெருவில் காலையில் பாவு நீட்டியிருப்பார்கள். ஒரு தெரு நீளத்துக்குப் பட்டிழைகளை இழுத்துக் கட்டிச் சரிபார்க்கிற வேலை அது. அதனால் எவனாவது கையை விரித்துக்கொண்டு நின்றால், ஏன் எதற்கு என்று கேட்காமல் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவது எல்லாருக்கும் பழக்கம். அன்றைக்கும் வரிசையாக இறங்கினார்கள். பால்காரர் இறங்கினார். நூல் மூட்டையோடு வந்தவர் இறங்கினார். ஒரு கட்டை வண்டிக்காரர் மாட்டை ஓரம் கட்டினார். கடைசியில் நெசவாளர் ஒருவர் பாவு எங்கே என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் கேட்டார்:

"யாரு வூட்டுப் பாவு நயினாரே?"

"எறும்பு வூட்டுது" என்றேன் நான்.

அவர் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு, அவரும் ஓரமாகவே போனார். மாவு முழுவதும் காலியாகிக் கடைசி எறும்பு படியேறும்போது மணி ஒன்பதரை. அதுவரை என் கடைக்கு ஒரு பஞ்சர் கூட வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவரை ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் வேர்த்துப்போய், கை வலிக்க, "எல்லாம் பத்திரமா போய்ச் சேந்துதுபா" என்று ஒரு முகம் வைத்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் திட்ட முடியும்? டீ வாங்கிக் கொடுத்தேன்.

திட்டியது அதற்குப் பிறகு, தை மாதத்தில். ஐந்தாவது பொங்கலும் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மகளிடமிருந்து வந்த கார்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். மாதா மாதம் வரும் கார்டு. எல்லாரும் நலம், மழை நல்ல மழை, அறுப்பு ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாள்.

"நல்லாத்தானே எழுதி இருக்குது" என்றேன்.

"கடைசி வரியப் பாரு."

"இப்படிக்கு அன்பு மகள்னு இருக்குது."

"அதுக்கு மேல எப்பவும் ஒரு வரி இருக்கும் தம்பி. 'எப்போ வரீங்க அப்பா'ன்னு. நாப்பது அம்பது கார்டு வந்திருக்கும், அந்த வரி இல்லாம வந்ததே இல்ல. இந்தக் கார்டுல கேக்கல."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு அதுக்கு! நீங்க இங்க குந்திகினு டயரத் தடவிகினு இருங்க. சின்ன டயரு வாங்கி, செஞ்சி தாண்டி அது பஞ்சரானா எந்த ஊர்ல டியூபு கெடைக்கும்? வழியில கெடைக்காத டயரு நல்ல டயரே இல்ல. பெரிய சக்கரத்துக்கு எந்தக் குக்கிராமத்துலயும் டியூபு வச்சிருப்பான். இந்த எல்லைய என்னிக்காவது பாத்தீங்களா? எறும்புக்கு அவ்ளோ பாக்கறீங்களே, அந்தப் பொண்ணுக்குப் பாக்க வேணாமா?"

கடைசி வார்த்தை அதிகம்தான். சொன்ன உடனே எனக்கே தெரிந்தது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. அவருடைய பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டேன். அவரைக் கேட்காமலே இரண்டு புது டயரை எடுத்தேன், இருபத்தெட்டு ஒன்றரை. சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன், மாற்று டியூப் ஒன்றைக் கேரியரில் கட்டினேன். அவர் குந்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காத்து கல்லு மாதிரி அடி" என்று மட்டும் சொன்னார். பிறகு தனக்குள் சொல்வது போல, "பதினஞ்சு சென்ட்டு. அத்த வழியில எப்படியாவது சரிகட்டணும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டார். மனைவி செய்து கொடுத்த முறுக்குத் தூக்கு ஒரு பக்கம், தண்ணீர் வடிகட்டுகிற வெள்ளைத் துணி கட்டிய சொம்பு ஒரு பக்கம். செஞ்சியில் ஒரு இரவு, பண்ருட்டியில் ஒரு இரவு தங்கல், இரண்டிலும் சொந்தக்காரர் வீடு. மூன்றாம் நாள் மாலை மகள் வீடு. புறப்படும்போது மகளுக்கு ஒரு தந்தியும் கொடுத்தார். நாலு சொல்லில் தந்தி கொடுக்கிற மனிதரா அவர்? எந்த நாள், எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று எழுதி, தந்தி ஆபீஸில் அதைப் பாதியாக வெட்டினார்கள். அந்தப் பதினோரு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. பஸ் வந்தால் ஓரம் ஒதுங்குவாரா, எறும்பைப் பார்த்துக்கொண்டு லாரியை மறப்பாரா என்று ஒரே பேஜார். இத்தனை நாள் அவரை விரட்டியவன், போன பிறகு பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கடை வாசலில் சைக்கிளோடு நின்றார். கறுத்துப் போயிருந்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேந்தீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

முதல் இரண்டு நாளும் நாலரைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். மூன்றாம் நாளும் ஐந்து மணிக்குள் போயிருக்க வேண்டியது. கடைசி நாலு மைல்தான் பாக்கி. அங்கே பார்த்தால் ரோடு முழுக்க அறுத்த நெற்கதிரைப் பரப்பிப் போட்டிருக்கிறார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும் என்று தஞ்சாவூர்ப் பக்கம் அப்படிச் செய்வார்களாம். கதிர் இருந்தால் நெல் இருக்கும், நெல் இருந்தால் எறும்பு இருக்கும்.

"'ஏத்திகினு போங்க ஐயா, எங்களுக்கும் வேல மிச்சம்'னு எல்லாரும் கூப்புடறாங்க. எப்படிபா ஏத்தறது? இறங்கிட்டேன். வரப்போரமா தள்ளிகினே நடந்தேன். இருபத்தெட்டு, இருபத்தாறு, ஒண்ணரை, காலரைக்கால், ஒண்ணும் உதவல. நாலு மைலும் நடைதான். அதுல பதினஞ்சு சென்ட்டு சரியாப் போச்சுன்னு வச்சிக்க. ஆனா பொழுது சாஞ்சிடுச்சு."

மகள் ஐந்து மணிக்கே சமையலை முடித்துவிட்டு வாசலில் நின்றிருக்கிறாள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள். அப்பா வரட்டும் என்று இவள் சாப்பிடவில்லை. இவர் போய் நின்றபோது இருட்டிவிட்டது. அவளும் இவர் மகள்தானே, இருட்டிய பிறகு அவளும் சாப்பிட மாட்டாள்.

"சமைச்சத வச்சிகினு ரெண்டு பேரும் பட்டினி. தண்ணி கூட கெடையாது. விடியற வரைக்கும் பேசிகினே இருந்தோம். வெளிச்சம் வந்தப்புறம் புதுசா ஆக்கிப் போட்டா. ரெண்டு பேரும் ஒண்ணா குந்தி சாப்டோம். அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்டதே இல்ல தம்பி."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நான் அவருடைய சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டே, "அப்படி விடிய விடிய இன்னா பேசினீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான். பாதி நேரம் டயரப் பத்தி."

பிறகு ஞாபகம் வந்தவராகச் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. மேலே 'சைக்கிள் கடை அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தது. வழி முழுக்கப் பையில் வைத்திருந்தும் அவர் பிரிக்கவில்லை. அடுத்தவர் எல்லை.

திரும்பி நின்றுகொண்டு பிரித்தேன். கையெழுத்து அப்பாவுடையதைப் போலவே அழகு. இரண்டே வரி.

'அண்ணா, அப்பா அஞ்சு வருஷம் டயர் பார்த்த கதையெல்லாம் சொன்னார். அடுத்த தடவை கையில் எது கிடைக்குதோ அதை மாட்டி அனுப்பிடுங்க, எனக்கு அப்பா வந்தா போதும்.'

மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா எழுதி இருக்குது?" என்றார்.

"டயரு நல்லா உழைச்சுதாம்."

அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. வேட்டியை மடித்துக்கொண்டு சைக்கிளுக்கு எதிரே குந்தினார். கட்டைவிரலை டயரின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

"எதுன்னு எழுதி இருக்குது? முன் டயரா, பின் டயரா?"